முஷ்டி அளவு சோறு

கொரிய மொழியில் ‘ஜுமோக்’ என்றால் மூடிய கை, முஷ்டி. ‘பாப்’ என்றால் சோறு. சுடுசோற்றில் உப்பைத் தூவி, கையால் இறுக்கிப் பிடித்த உருண்டைக்கு ஜுமோக்பாப் என்று பெயர். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். நின்றபடியே தின்றுவிடலாம்.

1980 மே மாதம், தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தில் இந்த உருண்டைகள் ஆயிரக்கணக்கில் கைமாறின. யாங்டோங் சந்தையிலும் டேயின் சந்தையிலும் கடை போட்டிருந்த பெண்கள் வியாபாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரிய பெரிய பாத்திரங்களில் சோறு பொங்கினார்கள். உருண்டை பிடித்துத் தெருவில் நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். முந்தின நாள்வரை முகம் தெரியாத பிள்ளைகள். அவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள், சிலர் பள்ளிக்கூடத்தைக்கூடத் தாண்டாதவர்கள். நம் வீடுகளில் அம்மாவோ ஆச்சியோ குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பார்கள் அல்லவா? குவாங்ஜுவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் கண்முன் வருகிறது.

நடந்தது இதுதான். ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வான் மே 17 இரவு நாடு முழுக்க ராணுவச் சட்டத்தை விரித்தார். மறுநாள் சொன்னாம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் கூடிய மாணவர்களைப் பாராசூட் படையினர் தடியால் அடித்து நொறுக்கினார்கள். அடியைப் பார்த்த ஊர் பயந்து வீட்டுக்குள் போகவில்லை, தெருவுக்கு வந்தது. 21-ஆம் தேதி மாகாண அரசு அலுவலகத்தின் முன்னால் கூடியிருந்த மக்கள்மீது படையினர் சுட்டார்கள். மக்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். ராணுவம் ஊருக்கு வெளியே பின்வாங்கியது. அடுத்த சில நாள்கள் அந்த நகரம் மக்கள் கையில் இருந்தது. 27-ஆம் தேதி விடியற்காலையில் ராணுவம் திரும்பி வந்து, அலுவலகத்துக்குள் இருந்தவர்களைச் சுட்டும் பிடித்தும் எல்லாவற்றையும் முடித்தது.

எழுத்தாளர் ஹான் காங் அந்த ஊரில் பிறந்தவர். 1980 ஜனவரியில் அவருடைய குடும்பம் சியோலுக்குக் குடிபெயர்ந்தது. நாலே மாத இடைவெளி. அப்போது அவருக்கு ஒன்பது வயது. சில வருடங்கள் கழித்து, வீட்டுப் புத்தக அலமாரியில் பெரியவர்கள் மறைத்து வைத்திருந்த ஒரு புகைப்படத் தொகுப்பு அவர் கையில் கிடைத்தது. பத்திரிகைகள் வாய் மூடிக் கிடந்த காலத்தில், உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் ரகசியமாக அச்சிட்டுக் கைக்குக் கை கொடுத்துக்கொண்ட தொகுப்பு அது. சிதைந்த முகங்கள் அதில் இருந்தன. காயம்பட்டவர்களுக்கு ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் நீண்டு நின்ற வரிசையின் படமும் அதே தொகுப்பில் இருந்தது. மனிதர் மனிதருக்கு இதையும் செய்கிறார்கள், அதையும் செய்கிறார்கள். ஒன்றோடொன்று சேராத இந்த இரண்டும் சிறுமியின் மனசில் மோதிக்கொண்டதை, நோபல் பரிசு பெற்றபோது ஸ்டாக்ஹோமில் ஆற்றிய உரையில் அவர் விரிவாகச் சொன்னார்.

அந்த மோதலிலிருந்து 2014-இல் வந்த நாவலின் கொரியத் தலைப்புக்கு ‘சிறுவன் வருகிறான்’ என்று பொருள். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் அதை ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ என்று அறிவார்கள். ஹான் காங் என்றதும் நம் வாசகர்கள் பலருக்குச் சமயவேல் மொழிபெயர்த்த ‘மரக்கறி’ நாவல் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது இந்தச் சிறுவனின் கதையைத்தான்.

டோங்-ஹோ என்ற அந்தப் பையன் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறவன். கூட்டத்தில் தொலைந்த நண்பனைத் தேடி வந்தவன், உடற்பயிற்சிக் கூடத்தில் அடுக்கியிருக்கும் சடலங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் தங்கிவிடுகிறான். ஒவ்வொரு உடலுக்கும் உயரம் என்ன, என்ன சட்டை, என்ன செருப்பு என்று நோட்டில் எழுதுகிறான். நாற்றத்தை மட்டுப்படுத்தக் காலி பாட்டில்களில் மெழுகுவத்தி ஏற்றி வைக்கிறான். உறவினர்கள் வந்து அடையாளம் கண்டு அழுத பிறகு சவப்பெட்டிமேல் தேசியக் கொடியைப் போர்த்துகிறார்கள், தேசிய கீதம் பாடுகிறார்கள். பையனுக்கு விளங்கவில்லை. கொன்றது நாட்டின் ராணுவம்தானே, பிறகு எதற்கு நாட்டின் கொடி? கூட வேலை செய்கிற அக்காவிடம் கேட்கிறான். அரசியல் தத்துவ வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசக்கூடிய கேள்வி, மெழுகுவத்தி மாற்றுகிற இடைவேளையில் ஒரு சிறுவனின் வாயில் வந்து விழுகிறது.

அந்த அக்கா உன்-சுக்கின் கதை அடுத்த சில வருடங்களுக்கு நீள்கிறது. ஊர் அடங்கிய பிறகு, மாகாண அலுவலகத்தின் முன்னால் இருக்கும் நீரூற்று மறுபடி தண்ணீர் பீய்ச்ச ஆரம்பிக்கிறது. பேருந்தில் போகும்போது அதைப் பார்க்கிறாள். தொலைபேசியில் அலுவலகத்தை அழைத்து, தயவுசெய்து அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள் என்கிறாள். மறுபடியும் மறுபடியும் அழைக்கிறாள். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிச் சூட்டை எழுதிய பக்கங்களில்கூட எனக்கு அப்படி ஆகவில்லை. பிணம் கிடந்த இடத்தில் சில வாரத்திலேயே நீரூற்று ஆடினால், அதைப் பார்த்துக்கொண்டே போய் வருகிறவளின் தொண்டையில் சோறு எப்படி இறங்கும்? அவளுக்கு இறங்கவில்லை. பசிப்பதே வெட்கமாக இருக்கிறது அவளுக்கு. வளர்ந்து பதிப்பகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். தலைமறைவாக இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பற்றி விசாரிக்கும் போலீஸ்காரனிடம் ஏழு அறை வாங்குகிறாள். நாளுக்கு ஒரு அறையாக மறந்துவிடுவது என்று முடிவு செய்கிறாள். அவள் பதிப்பித்த நாடகத்தின் வரிகளைத் தணிக்கை அதிகாரிகள் மை பூசி அழித்துவிடுகிறார்கள். மேடையில் நடிகர்கள் அந்த வரிகளைச் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்கிறார்கள்.

போராட்டத்தைப் பற்றிய புத்தகங்களில் நான் தேடுவது மறுநாள் காலையை. கூட்டம் கலைந்த பிறகு தெருவைக் கழுவியவர் யார், வராத பிள்ளைக்கு எடுத்து வைத்த சாப்பாட்டை என்ன செய்தார்கள், பால் வந்ததா, பள்ளிக்கூடம் திறந்ததா. தலைவர்களின் சுயசரிதையில் இது இருக்காது. அவர்களுக்கு மறுநாள் என்றால் அடுத்த கூட்டம். ஒரு நாட்டின் அரசியல் எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிய வைத்த புத்தகங்கள் எல்லாம் இந்த மறுநாளை எழுதியவைதான்.

மெக்சிகோ எழுத்தாளர் எலேனா போனியாடோவ்ஸ்காவுக்கு அந்த மறுநாள் நிஜமாகவே ஒரு காலை நேரம். 1968 அக்டோபர் 2 மாலை, மெக்சிகோ நகரத்தின் திலாதெலோல்கோ பகுதியில் உள்ள சதுக்கத்தில் கூடிய மாணவர்கள்மீது ராணுவம் சுட்டது. ஒலிம்பிக் போட்டி தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசாங்கக் கணக்கும் மக்கள் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எலேனா அப்போது கைக்குழந்தைக்காரி. மறுநாள் காலையில் சதுக்கத்துக்குப் போனபோது அவர் கண்ணில் பட்டவை இறைந்து கிடந்த செருப்புகள். பிறகு மாணவர் தலைவர்கள் அடைபட்டிருந்த லெகும்பெர்ரி சிறைக்குப் போய்ப் பேசினார், தாய்மார்களிடம் பேசினார், அந்தக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களிடம் பேசினார். 1971-இல் வந்த ‘திலாதெலோல்கோவின் இரவு’ முழுக்கக் குரல்களால் ஆனது. ஒரு மாணவன், ஒரு தாய், ஒரு ராணுவ வீரன், ஒரு பதாகையின் வாசகம் என்று துண்டு துண்டாகப் போகும். ஆசிரியர் நடுவில் வந்து விளக்குவது மிகக் குறைவு. அந்தப் புத்தகத்துக்கு அறிவித்த பரிசை, செத்தவர்களுக்கு யார் பரிசு கொடுப்பது என்று கேட்டு அவர் மறுத்துவிட்டார். பாரிஸில் பிறந்து சிறுமியாக மெக்சிகோ வந்த அவர், ஸ்பானிய மொழியைக் கற்றது வீட்டு வேலை செய்த பெண்களிடமிருந்து. பேசுகிறவரின் வாய்மொழியை அப்படியே பிடிக்கிற காது அவருக்கு அங்கேதான் அமைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொழி என்றதும் கென்யாவின் கூகி வா தியாங்கோவிடம் போகாமல் இருக்க முடியாது. லிமுரு பக்கத்துக் கமிரீது கிராமத்துக்காரர். அங்கே தேயிலைத் தோட்டக் கூலிகளும் பாட்டா செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து, தங்கள் கையாலேயே திறந்தவெளி அரங்கு ஒன்றைக் கட்டினார்கள். கூகியும் கூகி வா மீரீயும் கிக்கூயு மொழியில் எழுதிய நாடகத்தை ஒத்திகையில் அவர்களே திருத்தினார்கள். ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார், இந்தப் பழமொழி இந்த இடத்தில் வராது என்று. பெரிய எழுத்தாளருக்குக் கிராமம் மொழி சொல்லிக்கொடுத்தது. 1977 அக்டோபரில் அரங்கேறிய நாடகத்தை ஆறே வாரத்தில் அரசு தடை செய்தது. ஆண்டின் கடைசி நாளில் கூகியைப் பிடித்துக்கொண்டு போய், விசாரணை எதுவும் இல்லாமல் காமீட்டி சிறையில் அடைத்தார்கள். அதுவரை ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவருக்கு அப்போதெல்லாம் ஒன்றும் நேரவில்லை. தோட்டக் கூலிக்குப் புரிகிற மொழியில் எழுதியதும் சிறை.

சிறையில் அவர் இனிப் புனைகதையைக் கிக்கூயுவில்தான் எழுதுவது என்று முடிவெடுத்தார். காகிதம் கிடையாது. கழிப்பறைத் தாள் கிடைத்தது. கைதிகளைப் படுத்துவதற்காகவே சொரசொரவென்று தடிமனாகக் கொடுத்த தாள், பேனா ஓடுவதற்கு வாகாக அமைந்துவிட்டது. தெரியாத சொற்களைக் காவலர்களிடமே பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுதிச் சேர்த்த கட்டை ஒருமுறை சோதனையில் பறித்துக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து, இதில் தப்பு எதுவும் இல்லை, உங்கள் கிக்கூயுதான் ரொம்பக் கடினம் என்று சொல்லி ஒரு அதிகாரி திருப்பிக் கொடுத்தார். அந்தச் சில வாரம் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று எழுதுகிற யாருக்கும் தெரியும்.

அப்படி வந்த நாவலைத் தமிழில் அமரந்தாவும் சிங்கராயரும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று தந்திருக்கிறார்கள். கதையின் நாயகி வரீங்கா வேலையை இழந்தவள். முதலாளியின் ஆசைக்கு இணங்காததால் போன வேலை. வாடகை வீடும் போகிறது. ஊருக்குத் திரும்ப ஒரு லொடலொட மட்டாட்டு வண்டியில் ஏறுகிறாள். நம் ஷேர் ஆட்டோவுக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவிலான வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் விடுதலைக்குப் பிந்தைய அரசியல் முழுவதும் அந்த வண்டியின் இருக்கைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போகிறது. 1980-இல் நூல் வெளியானதும் மக்கள் குடும்பமாக உட்கார்ந்து ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மதுக்கடைகளில் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். கோப்பை காலியானதும் சுவாரசியமான இடத்தில் நிறுத்துவார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அடுத்த கோப்பைக்குச் சொல்லுவார்கள், கதை தொடரும். பிந்தைய நாவலான ‘மாட்டிகாரி’யின் நாயகனை மக்கள் நிஜ ஆள்போலப் பேசப்போய், அப்படி ஒருவனைப் பிடிக்க அரசு உத்தரவிட்டது. அவன் கதாபாத்திரம் என்று தெரிந்ததும் கடைகளிலிருந்து புத்தகத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். கூகி 2025 மே 28 அன்று அமெரிக்காவில் காலமானார். அவர் கிராமத்து அரங்கை 1982-லேயே போலீஸ் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது.

ஈரானின் மர்ஜானே சத்ரபியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ‘பெர்செபோலிஸ்’ ஏற்கெனவே பலர் அறிந்த புத்தகம். கறுப்பு வெள்ளைப் படக்கதை, தமிழிலும் வந்திருக்கிறது. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு. மகள் ஆசைப்பட்ட பாப் பாடகர் போஸ்டர்களைத் துருக்கியிலிருந்து கொண்டுவர, அப்பாவின் கோட்டுக்கு உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் அம்மா அவற்றை வைத்துத் தைக்கிறாள். விமான நிலையத்தில் அப்பா விறைப்பாக நடந்து வருகிறார். அதே புத்தகத்தில் வீட்டு வேலைக்காரப் பெண் தங்க நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறாள். போரில் செத்தால் சொர்க்கத்தின் கதவு இதனால் திறக்கும் என்று அவள் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போஸ்டர், இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் சாவி. இரண்டும் ஒரே சமையலறையில் வந்து சேருகின்றன.

மறுபடி கொரியாவுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த நாவல் முடியவில்லை. ஹான் காங்குக்கு நோபல் பரிசு அறிவித்தது 2024 அக்டோபர் 10. அவர் பரிசு வாங்கப் புறப்படும் நேரத்தில், டிசம்பர் 3 இரவு பத்தரை மணியளவில் அதிபர் யூன் சுக்-இயோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாற்பத்து நாலு வருடம் கழித்து மறுபடியும் அதே சொல். போர்வையை உதறிவிட்டு மக்கள் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். ராணுவ வண்டிகளை வெறும் உடம்பால் மறித்தார்கள். உறுப்பினர்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போய், நள்ளிரவு தாண்டி அந்த அறிவிப்பை எதிர்த்து வாக்களித்தார்கள். விடிவதற்குள் அது விலக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து ஸ்டாக்ஹோமில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஹான் காங், நாவலுக்காகத் தான் படித்துப் படித்து அறிந்த 1980 கண்முன்னே திரும்பியதில் ஏற்பட்ட அதிர்ச்சியைச் சொன்னார். ஆயுதம் இல்லாமல் வண்டியை மறித்தவர்களைச் சொன்னார். மக்களைத் தள்ள முடியாமல் தயங்கி நின்ற இளம் படைவீரர்களையும் சொன்னார்.

அதிபரைப் பதவி நீக்கக் கோரி அடுத்த நாள்களில் சியோலின் யோய்டோ பகுதியில் கடுங்குளிரில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். வர முடியாதவர்கள் வேறு வழி கண்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள், வயதானவர்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கொரியர்கள், பக்கத்துக் கடைகளுக்கு அலைபேசியிலேயே முன்பணம் கட்டினார்கள். இத்தனை காபி, இத்தனை கிம்பாப். கிம்பாப் என்பது கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு. போராட வந்தவர்கள் கடைக்குப் போய், பணம் கட்டியவர் விட்டுச்சென்ற பெயரைச் சொன்னால் போதும். கடைக்காரம்மா ஒரு சுருளை எடுத்துச் சூடு போகாமல் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுப்பார்.