தேதி தவறாத காய்ச்சல்

சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் புதிதல்ல. பால்வாடிக்கோ எல்.கே.ஜி.க்கோ போகத் தொடங்கிய முதல் வருஷத்தில் ஆறு, எட்டு முறை சளிக்காய்ச்சல் வந்து போவது சாதாரணம். நூறு பிள்ளைகளின் கிருமிகளோடு ஒரு பிள்ளையின் உடம்பு அப்போதுதான் பழகுகிறது. இந்தக் கட்டுரை அந்தக் காய்ச்சலைப் பற்றியது அல்ல.

சில வீடுகளில் வேறு மாதிரி நடக்கும். போன காய்ச்சல் விட்டு மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருப்பான். ஒருநாள் சாயங்காலம் காரணம் இல்லாமல் சிணுங்குவான், முகம் வாடும், கண் பளபளக்கும். "இன்னைக்கு ராத்திரி வந்துரும்" என்று அம்மா சொல்வாள். வந்துவிடும். 103, 104 டிகிரி. மூக்கு ஒழுகாது, இருமல் இருக்காது, வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டாது. வாயைத் திறந்து பார்த்தால் தொண்டை சிவந்து டான்சில் வீங்கியிருக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கும். உதட்டின் உட்புறம் சின்னச் சின்னப் புண்கள். நாலைந்து நாள் வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு, எப்படி வந்ததோ அப்படியே போய்விடும். மறுநாள் பிள்ளை சைக்கிள் ஓட்டுவான். அடுத்த மாதம் மறுபடியும் வரும்.

இதற்கு மருத்துவத்தில் பெயர் கிடைத்து நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1987-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி மார்ஷல், கேத்ரின் எட்வர்ட்ஸ் முதலியோர் இப்படிப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அறிகுறிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து பி.எஃப்.ஏ.பி.ஏ. என்ற பெயர் பிறகு நிலைத்தது. முறைவைத்து வரும் காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, நெறி கட்டுதல் ஆகிய நான்கும் அதில் அடக்கம். திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் நோய்களில் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது இதுதான். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஆறு நாள் நீடிக்கும். இடையில் உள்ள வாரங்களில் குழந்தைக்கு ஒரு குறையும் இருக்காது, உயரமும் எடையும் வயதுக்கேற்ப ஏறும்.

இவ்வளவு தெளிவான நோயைக் கண்டுபிடிக்க ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது? காரணம் ஆன்டிபயாடிக்.

யோசித்துப் பாருங்கள். சிவந்த தொண்டையும் 104 டிகிரியுமாக ஒரு குழந்தையைப் பார்க்கும் டாக்டர், பாக்டீரியாத் தொற்று என்று எண்ணி ஐந்து நாள் மருந்து எழுதுகிறார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் நிற்கிறது. டாக்டருக்கும் திருப்தி, பெற்றோருக்கும் திருப்தி. உண்மையில் காய்ச்சல் மருந்தால் நிற்கவில்லை, தன் கெடு முடிந்ததால் நின்றது. அடுத்த மாதம் வரும்போது "போன தடவை இந்த மருந்துக்குத்தான் கேட்டுச்சு" என்று தாயே சொல்வாள். அதற்கடுத்த மாதம் இன்னும் வீரியமான மருந்து. டாக்டர் மாறுவார், மருந்து மாறும், காய்ச்சல் மட்டும் மாறாது. மூன்று வயதுக்குள் இருபது, முப்பது பாட்டில் ஆன்டிபயாடிக் குடித்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு டாக்டரும் ஒரே ஒரு காய்ச்சலைத்தான் பார்க்கிறார். எல்லாக் காய்ச்சலையும் பார்த்தவள் தாய் ஒருத்திதான். அவளிடம் தேதிகளைக் கேட்டு எழுதிப் பார்க்கும் வரை இந்த நோய் யார் கண்ணுக்கும் தெரியாது. இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. காய்ச்சல் நாளில் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிக் குறியீடு எகிறியிருக்கும், காய்ச்சல் விட்டபின் எடுத்தால் இயல்பாக இருக்கும். அந்த இரண்டு சீட்டுகளும் தேதிக் கணக்கும் சேர்ந்துதான் டாக்டரை வழிநடத்துகின்றன.

கிருமி இல்லாமல் காய்ச்சல் எப்படி வரும்? கிருமி நேரடியாக உடம்பைச் சூடாக்குவதில்லை. நம் வெள்ளணுக்கள் ஆபத்தை உணர்ந்ததும் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அந்தச் சேதி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதிக்குப் போகிறது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. குழந்தை குளிரில் நடுங்குவது அப்போதுதான். பாராசிட்டமால் இந்த புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறதே தவிர, இன்டர்லூக்கின் சுரப்பதை நிறுத்துவதில்லை. அதனால்தான் மருந்து கொடுத்தால் கொஞ்சம் இறங்கி, நாலு மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறது. மருந்து போலியானதோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

பிறவியிலேயே இருக்கும் தற்காப்பு, கிருமி இல்லாதபோதும் இப்படிக் கிளம்பிவிடுகிறது என்பதே இந்த நோய்களின் அடிப்படை. 1999-இல் அமெரிக்க விஞ்ஞானி டான் காஸ்ட்னர் குழுவினர் இவற்றை ஒரு தனி நோய்க் குடும்பமாகப் பிரித்துக் காட்டினார்கள். சொந்த உடம்பையே எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும் நோய்கள் வேறு, இவை வேறு. இங்கே எதிர்ப்பொருளுக்குப் பங்கில்லை. அலாரம்தான் தானாக அடிக்கிறது.

இந்தக் குடும்பத்தில் நன்றாக ஆராயப்பட்டது எஃப்.எம்.எஃப். என்னும் மத்தியதரைக் கடல் பகுதிக் காய்ச்சல். துருக்கியர், ஆர்மேனியர், அரபியர், யூதர் ஆகியோரிடம் அதிகம், நம் ஊரில் அபூர்வம். ஒன்று முதல் மூன்று நாள் காய்ச்சல், அதோடு அறுவை சிகிச்சைக்கே கொண்டுபோகும் அளவுக்கு வயிற்றுவலி, நெஞ்சுவலி, மூட்டு வீக்கம். 1997-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதற்கான மரபணுவை 16-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தன. அது உண்டாக்கும் புரதத்துக்குப் பைரின் என்று பெயர். கிருமிகள் செல்லுக்குள் புகுந்து செய்யும் நாசவேலையை மோப்பம் பிடித்து அழற்சியைத் தூண்டுவது அதன் வேலை. மரபணு மாறியவர்களிடம் பைரின் சிறு தூண்டலுக்கே கிளம்பிவிடும்.

இப்படித் தொல்லை தரும் மரபணு தலைமுறை தலைமுறையாக ஏன் ஒழியாமல் இருந்தது? 2020-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு விடை சொன்னது. கொள்ளைநோயான பிளேக்கின் பாக்டீரியா, பைரினை அடக்கிவைத்துத்தான் உடம்பில் பரவும். மாறிய பைரினை அந்தக் கிருமியால் அவ்வளவு எளிதில் அடக்க முடிவதில்லை. பிளேக் ஊர் ஊராக அழித்த காலத்தில், மாறிய இந்த மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தவர்கள் அதிகம் பிழைத்திருக்கலாம். இன்று அந்த வம்சத்துக் குழந்தைகள் சிலர் அதற்குக் காய்ச்சலாக விலை கொடுக்கிறார்கள். தன் ரத்தத்தால்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று உருகும் தாய்தகப்பனுக்கு இதைச் சொல்ல வேண்டும். உங்கள் முன்னோரை உயிரோடு காத்திருக்கக்கூடிய மரபணு அது.

எஃப்.எம்.எஃப். நோயைக் கவனிக்காமல் விட்டால், வருஷக்கணக்கான அழற்சியால் ஒரு வகைப் புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் கோல்ட்ஃபிங்கர், கீழ்வாதத்துக்குத் தரும் கோல்ச்சிசின் மாத்திரை இந்தக் காய்ச்சலைத் தடுக்கிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சிறு கடிதம் எண்ணற்ற சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. தினமும் தவறாமல் எடுத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குக் காய்ச்சலும் குறையும், சிறுநீரகமும் பிழைக்கும்.

கோல்ச்சிசினுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடி உறவு உண்டு. நம் மாநில மலரான செங்காந்தள், அதாவது உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் கொடி, அந்த மருந்துப் பொருளின் முக்கிய மூலங்களில் ஒன்று. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காக இதைப் பயிர் செய்கிறார்கள். காலையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தடவுவார்கள். அந்த விதை மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றுமதியாகிறது. அதே கிழங்கு கொடிய விஷம் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரியும். மாத்திரையிலும் அதே எச்சரிக்கை வேண்டும். கோல்ச்சிசின் எடுக்கும் குழந்தைக்கு வேறு டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், கோல்ச்சிசின் வெளியேறாமல் உடம்பில் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரை டப்பா குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது.

பி.எஃப்.ஏ.பி.ஏ. இவ்வளவு கடுமையானது அல்ல. அது உறுப்புகளைக் கெடுப்பதில்லை. காய்ச்சல் தொடங்கியதும் டாக்டர் சொற்படி ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுத்தால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இப்படி இறங்குவதே நோயை உறுதிப்படுத்த உதவும் தடயம். ஆனால் சில குழந்தைகளுக்கு அதன் பிறகு இடைவெளி குறைந்து, காய்ச்சல் சீக்கிரமே திரும்பும். டான்சிலை எடுத்துவிடுவது இன்னொரு வழி. 2007-இல் பின்லாந்தில் 26 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் ஆன 14 பேருக்கும் ஆறு மாதத்தில் காய்ச்சல் நின்றது. செய்யாத 12 பேரிலும் பாதிப் பேருக்கு நின்றுவிட்டது. என் கருத்தில் அந்த இரண்டாவது எண்தான் பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டியது. இந்த நோய் பெரும்பாலும் தானாகவே ஓயும், பத்து வயதைத் தாண்டும்போது பல குழந்தைகளிடம் சுவடே இருக்காது. அவசரப்பட்டுக் கத்தி வைக்க வேண்டியதில்லை. மாதாமாதம் பள்ளியும் தூக்கமும் வேலையும் கெட்டு வீடு தாங்காத நிலை என்றால் மட்டும் டாக்டரோடு உட்கார்ந்து பேசலாம்.

இந்த நோய்தான் என்ற முடிவுக்கு வருமுன் டாக்டர்கள் வேறு சிலவற்றை விலக்க வேண்டும். மலேரியா, டைபாய்டு, காசநோய், சிறுநீர்த் தொற்று ஆகியவை நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெள்ளணு எண்ணிக்கை சரியும் ஒரு பிறவிக் கோளாறும் இதே போல வாய்ப்புண்ணோடு காய்ச்சல் தரும். அதைப் பிடிக்க வாரம் இருமுறை என ஆறு வாரம் ரத்தம் எடுப்பார்கள். சலிக்காமல் ஒத்துழைக்க வேண்டும். முதல் வயதிலேயே தொடங்கி, தடுப்பூசி போட்டதும் கிளம்பும் காய்ச்சல் மெவலோனேட் கைனேஸ் என்ற நொதிக் குறையால் வரலாம். அதற்காகத் தடுப்பூசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். எடை ஏறாத குழந்தை, நிமோனியா திரும்பத் திரும்ப வரும் குழந்தை என்றால் அது வேறு கதை, உடனே தீவிரமாக ஆராய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதலாவது நோட்டு. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். காய்ச்சல் தொடங்கிய தேதி, நேரம், அதிகபட்ச டிகிரி, எத்தனை நாள், வாய்ப்புண் உண்டா, நெறி உண்டா, சளி இருமல் உண்டா, கொடுத்த மருந்து, விட்ட தேதி எல்லாம் வேண்டும். தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் சேராது, தெர்மாமீட்டர் வேண்டும். புண்ணையும் தடிப்பையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டாக்டர் பார்க்கும்போது அவை மறைந்திருக்கும்.

பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் வரை, நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் கூடவே கூடாது. போர்வை போட்டு மூடாதீர்கள், ஐஸ் தண்ணீரிலும் துடைக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று மறக்கக் கூடாது. இந்த நோய் உள்ள குழந்தைக்கும் டெங்கு வரும். தேதிக்கு வராத காய்ச்சல், வழக்கத்தைவிட நீளும் காய்ச்சல், மூச்சுத் திணறல், மயக்கம், கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை என எது தெரிந்தாலும் "வழக்கமானதுதான்" என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதையெல்லாம் செய்துவிடலாம். கடினமானது சுற்றிலும் இருப்பவர்களின் பேச்சு. "ஐஸ்கிரீம் கொடுத்திருப்பே." "வேலைக்குப் போறவ, பிள்ளைய எங்க பாத்துக்கறா?" "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு." பாட்டி திருஷ்டி கழிப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அது அவரது அன்பு. ஆனால் பழி சொல்வதை நிறுத்த வேண்டும். மாதம் ஐந்து ராத்திரி தூங்காதவளுக்கு ஒரு ராத்திரி ஓய்வு கொடுங்கள். அப்பாவோ அத்தையோ நோட்டை எடுத்து எழுதட்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தக் காய்ச்சல் ஒட்டாது. விட்ட மறுநாளே குழந்தை வகுப்புக்கு வரலாம், விளையாட்டு மைதானத்துக்கும் வரலாம். டாக்டர் கடிதத்தோடு பெற்றோர் வந்தால், வருகைக் கணக்கில் அந்த நாட்களைப் பொறுத்துக்கொண்டு, விட்டுப்போன பாடத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.