ஒரு டிகிரி பிசகினால் என்ன ஆகும்?

கம்போங் குவாந்தானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தச்சுப் பட்டறை. அங்கே சன்னல் சட்டம் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மூலைகள் அழகாகப் பொருந்தின. நான்காவது மூலை வாயைப் பிளந்தது. எல்லாரும் மரத்தைக் குறை சொன்னார்கள். குற்றம் மரத்தில் இல்லை, ரம்பத்தில் இருந்தது.

அது ரேடியல் ஆர்ம் ரம்பம். மேசைக்கு மேலே நீளும் இரும்புக் கையில் மோட்டாரும் வட்ட வாளும் தொங்கும். பலகையைப் பின்புறத் தடுப்புக் கட்டையோடு சேர்த்துப் பிடித்து, வாளை நம் பக்கமாக இழுத்து அறுக்க வேண்டும். 1920களில் அமெரிக்கர் ரேமண்ட் டிவால்ட் உருவாக்கிய இயந்திரம் இது. கை சுழலும், மோட்டார் சாயும். அசையும் பாகங்கள் அதிகம் என்பதால் அளவு பிசகவும் வாய்ப்பு அதிகம்.

ஒரு சட்டத்துக்கு 45 டிகிரியில் எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக அரை டிகிரி பிசகினால், கடைசி மூலையில் 4 டிகிரி இடைவெளி விழும். நேர் வெட்டிலும் அப்படித்தான். படிவம் 3 கணிதத்தில் வரும் டான்ஜென்டைப் போட்டுப் பாருங்கள்: 300 மி.மீ. அகலப் பலகையில் 1 டிகிரி பிழை, சுமார் 5 மி.மீ. விலகல்.

சரிசெய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு வரிசை முக்கியம். முதலில் மேசை, வாள் ஓடும் தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். அடுத்து, கை தடுப்புக் கட்டைக்குச் செங்குத்து. மூன்றாவது, மூலைமட்டத்தை வைத்து வாளை மேசைக்குச் செங்குத்தாக்குங்கள். கடைசியாக, வாள் தான் ஓடும் திசைக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கோணலாக நின்றால் வெட்டு அகலமாகும், விளிம்பு கருகும். மேசையைக் கடைசிக்கு விட்டால் முன்பு செய்த வேலை வீணாகலாம்.

சோதிக்க எளிய வழி உண்டு. இரு விளிம்பும் இணையான பலகையை அறுங்கள். ஒரு துண்டை மட்டும் கவிழ்த்து, மறு விளிம்பு தடுப்புக் கட்டையில் படும்படி வைத்து, வெட்டு முனைகளைச் சேருங்கள். தெரியும் இடைவெளி உண்மைப் பிழையைப் போல இரண்டு மடங்கு. கண்ணுக்குத் தப்பிய பிழையும் அதில் அகப்படும்.

இனி, கையைக் காக்கும் விஷயம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இத்தகைய மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 முறை சுழலும். 10 அங்குல வாளின் பல் அப்போது மணிக்கு 136 கி.மீ. வேகத்தில் பாய்கிறது; நெடுஞ்சாலை வேக வரம்பான 110ஐவிட அதிகம். வாளின் அடிப்பற்கள் தடுப்புக் கட்டையை நோக்கி ஓடுவதால், மரத்தின் எதிர்விசை வாளை நம்மை நோக்கித் தள்ளும். ஆகவே ரம்பம் தானாகவே முன்னேறப் பார்க்கும். பல் முன்னோக்கிச் சாய்ந்த வாள் இதை மோசமாக்கும். பின்னோக்கிச் சாய்ந்த பல்லே இதற்கு ஏற்றது. பலகையைப் பிடிக்கும் கை வாளின் பாதையிலிருந்து 15 செ.மீ.க்கு அப்பால் இருக்கட்டும். அறுத்ததும் ரம்பத்தைப் பின்னே தள்ளி, சுவிட்சை அடைத்து, வாள் நின்ற பிறகே துண்டை எடுங்கள்.

பராமரிப்பு கடினமல்ல. பேரிங் ஓடும் தண்டவாளத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். கிரீஸ் பூசினால் மரத்தூள் ஒட்டிக்கொண்டு ஓட்டம் தடுமாறும். வாளில் படிந்த பிசினை அகற்றுங்கள். ஆற்றோர ஈரக்காற்றில் மேசைப் பலகை உப்பும். ஆகவே மழைக்காலத்தில் அளவுகளை மறுபடி பாருங்கள்.

அந்தப் பட்டறையில் கை அரை டிகிரி விலகியிருந்தது. திருகைத் தளர்த்தி, மூலைமட்டத்தோடு ஒப்பிட்டு இறுக்கினார்கள். அடுத்த சட்டத்தின் நான்கு மூலைகளும் மூடிக்கொண்டன.