பட்டமும் பட்டாவும்: வெளிநாட்டுப் படிப்புக்கு முந்தைய வேலைகள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்பும் மாணவர் பலர் முதலில் தேடிப் போவது ஆங்கிலப் பயிற்சி மையத்தைத்தான். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டே ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதாலும், சில மாத உழைப்பில் அத்தேர்வை முடித்துவிடலாம் என்பதாலும் அதைச் சற்றுப் பொறுத்தே வைத்துக்கொள்ளலாம்; காலத்தை விழுங்குபவை பல்கலைக்கழக அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமுமே.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பட்டச் சான்றிதழுடன் ‘டிரான்ஸ்கிரிப்ட்’ என்பதையும் கேட்கின்றன. எல்லாப் பருவங்களின் பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்து, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே முத்திரையிட்டுத் தரும் ஆவணம் அது. விழுப்புரம் மாவட்டத்து அரசு கலைக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழும், பின்னர் 2002இல் தொடங்கப்பட்ட வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழும் இருந்து, 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தவை. ஆகவே ஒரே கல்லூரியில் படித்த அண்ணன் வேலூருக்கும் தங்கை சிதம்பரத்துக்கும் அலைய நேரலாம். ஜெர்மனிக்குச் செல்வோருக்கு, சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏபிஎஸ் என்னும் அமைப்பு வழங்கும் சான்றும் 2022 நவம்பர் முதல் கட்டாயமாகியுள்ளது. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு நிற்கும் பெயர் கடவுச்சீட்டில் விரிவு பெறுவதால், விரித்த வடிவத்தை எல்லா விண்ணப்பங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதிவருவதும் அவசியம்.

பணத்தின் கணக்கு இதைவிடக் கடினமானது. ஜெர்மனி, ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க இயலும் வங்கிக் கணக்கில், முன்கூட்டியே செலுத்தக் கோருகிறது. பிரிட்டனோ, காட்டப்படும் சேமிப்பு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்று கோருவதால், உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கடைசி வாரத்தில் போடும் பணம் அங்கே செல்லாது. கல்விக் கடனில் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கப்படுவதில்லை. அதற்கு மேல் வங்கிகள் பெரும்பாலும் சொத்தை ஈடாகக் கேட்கின்றன. மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறதே என்று நம்பி வங்கிக்குப் போகும் தந்தை ஏமாற்றத்தோடு திரும்புவது இந்த இடத்தில்தான். கடன் தவறினால் நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்துக்கு விலக்களிக்கிறது. உழவரைக் காக்க வந்த அந்த விலக்கே அவருடைய நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகளைத் தயங்க வைக்கிறது. எஞ்சுவது வீடு; அதுவும் நத்தம் இடத்தில், இறந்துபோன தாத்தா பெயரிலோ கூட்டுப்பட்டாவிலோ இருக்குமானால், வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று என ஒவ்வொன்றாக வாங்கி முடிக்கவே மாதங்கள் ஓடிவிடும்.

உதவித்தொகைகள் இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் உள்ள 125 இடங்களில் 4 இடங்கள் நிலமற்ற வேளாண் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு உரியவை என்பது இவ்வட்டாரத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. ஆனால் 2022இல் வெளியான அதன் நெறிமுறைகள் இந்தியப் பண்பாடு, வரலாறு சார்ந்த ஆய்வுகளை விலக்கின. மகேந்திரவர்மப் பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் குடைவித்ததாகக் கல்வெட்டே கூறும் மண்டகப்பட்டுக் குடைவரையை, அதே ஊர் மாணவி லண்டனில் ஆராய விரும்பினால் அந்த விதிப்படி உதவி கிடையாது; அது பொருத்தமற்ற விதி.

செப்டம்பர்ச் சேர்க்கையை எண்ணும் குடும்பம் முந்தைய ஆண்டு ஆடி மாதத்திலேயே டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பித்து, பட்டா மாறுதலுக்கும் மனுக் கொடுத்துவிடுவது நல்லது.