திருச்சபை மகாநாடும் பத்திரிகை நிருபரும்

நாடு தழுவிய திருச்சபையொன்றின் மகாநாடு கூடுகிறது. மண்டபத்துள் அமர்ந்திருப்போர் சில நூறு பேர். அவர்கள் செய்யும் தீர்மானத்துக்குக் கட்டுப்படுவோரோ பல இலட்சம் பேர். இவ்விரு சாராருக்கும் இடையில் நிற்பவர் பத்திரிகை நிருபர். அவரை எதுவரை உள்ளே விடலாம் என்பது வெறும் நிருவாகப் பிரச்சினைபோலத் தோன்றும். உண்மையில் அது, தலைவர்கள்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையைப் பற்றிய பிரச்சினையாகும். அமெரிக்கக் கத்தோலிக்க மேற்றிராணிமாரின் அநுபவம் இதனைத் தெளிவாக்கும்.

அவ்வநுபவம் உறோமாபுரியிலே தொடங்கியது. 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் ஆரம்பமாயிற்று. ஏறக்குறைய 2,500 சங்கப் பிதாக்கள் கூடினர். பல தேசத்து நிருபர்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கெனச் செய்தி அலுவலகம் ஒன்று இருந்தது. ஆயினும் விவாதங்கள் இரகசியமானவை. எப்பொருள் பற்றிப் பேசப்பட்டது என்பதை அறிக்கைகள் தெரிவித்தனவேயன்றி, எவர் எக்கருத்தைக் கூறினார் என்பதைத் தெரிவிக்கவில்லை.

இவ்வளவு செய்தும் இரகசியம் நிலைத்ததா? இல்லை. 'நியூ யோர்க்கர்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில், சேவியர் றைன் என்ற புனைபெயரில், சங்கத்தின் உள்விவாதங்களை விவரிக்கும் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றை எழுதியவர் பிரான்சிஸ் மேர்பி என்னும் குருவானவர் என்பது பிற்காலத்திலேயே வெளிப்பட்டது. வாயில் அடைபட்ட இடத்தில் வதந்தி புகுகின்றது. பெயரில்லாதவன் சொல்லுக்கு மதிப்பு ஏறுகின்றது.

1963இல் நடைபெற்ற இரண்டாம் அமர்வில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தன. சங்க காலத்திலே அமெரிக்க மேற்றிராணிமார் தம் நாட்டு நிருபர்களின் வினாக்களுக்கு விடையளிக்க அறிஞர் குழுவொன்றை அமைத்திருந்தனர். அவ்வாண்டு டிசெம்பர் 4ஆந் திகதி சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, மனித சமுதாயத்துக்குத் தகவல் பெறும் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

எனினும் பிறருக்குச் சொன்ன நீதியைத் தம் வீட்டிலே நடைமுறைப்படுத்தக் காலம் பிடித்தது. அமெரிக்க மேற்றிராணிமாரின் தேசிய மகாநாட்டில் நிருபர்களுக்கு இடம் கிடைத்தது 1972ஆம் ஆண்டிலேதான். அதன்பின் முன்கூட்டியே பதிவு செய்து அநுமதி அட்டை பெற்றவர்கள் பொது அமர்வுகளை நேரிலே கேட்கலாயினர். சில அமர்வுகள் மாத்திரம் இன்றும் மூடிய கதவுக்குள்ளே நடைபெறுகின்றன.

இவ்வழக்கத்துக்குப் பெருஞ் சோதனை 2002இல் வந்தது. சில குருமார் சிறுவருக்கு இழைத்த பாலியற் கொடுமைகளும், அவை மறைக்கப்பட்டமையும் அவ்வாண்டு ஜனவரியில் 'பொஸ்ரன் குளோப்' பத்திரிகையால் அம்பலமாயின. ஜூன் மாதத்தில் டலஸ் நகரிலே மேற்றிராணிமார் கூடியபோது, பாதிக்கப்பட்டோர் அவர்கள் முன்னிலையில் எழுந்து பேசினர். சிறுவர் பாதுகாப்புச் சாசனம் 239 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவை 13. மறைத்தல் என்பதே குற்றச்சாட்டாக இருந்த வேளையிலே, மறைவிடத்தில் எடுக்கப்படும் எந்த முடிவும் மக்களிடத்தில் எடுபட்டிராது.

நிருபர் முன்னிலையில் மனந்திறந்து பேச முடியாது என்று சிலர் சொல்வர். அதிலும் உண்மையுண்டு. தனியொருவரின் ஒழுக்கம் பற்றிய விசாரணை, வழக்கறிஞரின் ஆலோசனை ஆகியவை மூடிய அமர்வுக்கு உரியன. ஆனால், எது மூடப்படுகிறது, ஏன் மூடப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். காரணம் கூறி மூடும் கதவைக் கண்டு எவரும் ஐயுறார். நிருபருக்கு அளிக்கப்படும் ஆசனம் அவருக்குச் செய்யும் உபசாரமன்று. மண்டபத்துக்கு வர இயலாத விசுவாசிக்கு உரிய ஆசனம் அது.