நம் ஊர்ப் பெயர் தாங்கிய கால்பந்து அணி

கால்பந்து என்றதும் கல்கத்தாவும் கோவாவும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சென்னை என்றால் சேப்பாக்கம், கிரிக்கெட்! ஆனால் எங்கள் பட்டினப்பாக்கம் கடற்கரையில் செருப்புகளையே கோல் கம்பங்களாக வைத்துப் பையன்கள் பந்து உதைப்பதை மாலைதோறும் காணலாம். ஆகவே, இந்தியாவின் பட்டத்தையே வென்று, பிறகு போட்டியிலிருந்தே மறைந்துபோன ஒரு சென்னை அணியைப் பற்றி எழுத விரும்பினோம். அதன் பெயர் சென்னை சிட்டி. (தொலைக்காட்சியில் நாம் காணும் 'சென்னையின்' அணி வேறு. வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறார்கள்.)

1946-ஆம் ஆண்டு 'நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்' என்ற பெயரில் இக்கழகம் தோன்றியது. நெடுங்காலம் நகர அளவிலேயே ஆடி வந்த இதற்கு, 2016-17-இல்தான் ஐ-லீக் என்னும் தேசியப் போட்டியில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பகுதிதான். ஆனாலும் அவ்வாண்டுகள் வீண் போகவில்லை. வியாசர்பாடி நந்தகுமார் சேகரும், குமரி மாவட்டத்து மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜும் இந்த அணியில் ஆடித்தான் நாடறிந்தவர்களானார்கள். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை எம்மாத்திரம்!

2018-19 பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். உருகுவே நாட்டில் பிறந்த பெட்ரோ மான்சி, ஸ்பெயினின் நெஸ்டர் கோர்டில்லோ, கோல் காவலர் நௌசெட் சந்தானா ஆகியோருடன் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய நம் நாட்டு இளைஞர்களும் ஆடினர். மான்சி மட்டும் 21 கோல்கள் அடித்தார். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாஸல் கழகம் 2019 ஜனவரியில் இவ்வணியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. பெயரில் சென்னை இருந்தாலும் அப்போது சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம்தான். எங்களுக்கு இதில் சற்று வருத்தமே.

2019 மார்ச் 9, கடைசி நாள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி என்பது லீக் கணக்கு. சென்னைக்கு 40 புள்ளிகள், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 39. கோவையில் மினர்வா பஞ்சாப் அணி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல் அடித்துவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்தது. அது வென்றால் 42 ஆகிவிடும். அப்போது சென்னைக்குச் சமநிலைகூடப் போதாது. இடைவேளைக்குப் பின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் இரண்டு கோல்களை அடித்தவர் யார் தெரியுமா? தற்காப்பு வீரர் கௌரவ் போரா! 3-1. ஈஸ்ட் பெங்காலும் அன்று வென்றது. 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழகத்துக்கு வந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக்கே நாட்டின் முதன்மைப் போட்டி என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பட்டம் வென்ற அணி, தோற்காமலேயே ஒரு படி கீழே போயிற்று! உலகின் பல நாடுகளில் கீழ் லீக்கை வெல்லும் அணி மேல் லீக்குக்கு ஏறும். அந்த ஏணி அப்போது இங்கே போடப்படவில்லை.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் முதற்சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றது. பின்னர் பெருந்தொற்று வந்தது. 2020-21 ஆட்டங்கள் கல்கத்தாப் பகுதியிலேயே நடந்தன. அடுத்த பருவத்தில், கழகங்கள் நிறைவேற்ற வேண்டிய உரிம விதிகளை நிறைவேற்றாததால் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இடம் இழந்தது.

வீரர்களோ பல அணிகளுக்குச் சென்றுவிட்டனர். 2023 ஆகஸ்டில் டுராண்டு கோப்பையில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றபோது, அந்த ஒரே கோலை அடித்தவர் நம் வியாசர்பாடி நந்தகுமார்தான்.