ரப்பர் மரத்தில் பெயர் பதிக்க ஒரு ஜிக்

மணையோ முக்காலியோ செய்து முடித்துவிட்டீர்கள். இனி இரும்பு முத்திரையை வைத்து ஓங்கி அடித்தால் உங்கள் பெயர் பதியும். பல நாள் வேலையைக் கெடுப்பதும் பெரும்பாலும் இந்த அடிதான். முத்திரை சாய்ந்தால் ஒரு பக்க எழுத்து ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். துள்ளினால் எழுத்து இரட்டையாகும். இவற்றைத் தடுக்கத்தான் ஜிக் (முத்திரையை நேராக நிறுத்திப் பிடிக்கும் கட்டை).

ரப்பர் மரத்தில் எழுத்து நிற்குமா? நிற்கும். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896-இல் ரப்பர் பயிரிட்டதிலிருந்து இது நம் ஊர் மரம். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் வெட்டி ஒருகாலத்தில் அடுப்பெரித்தார்கள். இன்று பக்கத்து மூவாரில் அது ஏற்றுமதித் தளவாடமாகிறது. நம் பெரியவர்கள் பால் வெட்டிய மரத்தில் நம்மவர் பெயர் தெளிவாக விழ வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எந்தப் பலகை வாங்குவது? போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தியது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றாவிட்டால் வண்டு துளைக்கும், நீலப் பூஞ்சை படரும். ஈரம் இருந்தால் எழுத்தின் ஓரமும் கூராக நிற்காது.

ஜிக்கில் சதுரத் துளை போடுவது கஷ்டமல்லவா? துளையே போட வேண்டாம். முகமும் தண்டும் 12 மி.மீ. சதுரம், நீளம் 75 மி.மீ. உள்ள முத்திரை என்று வைத்துக்கொள்வோம். தண்டைவிட மயிரிழை தடிப்பான இரு கட்டைகளை அதன் இருபுறமும் நிறுத்தி, முன்னும் பின்னும் பிளைவுட் ஒட்டுங்கள். உயரம் 50 மி.மீ. இருந்தால், சுத்தியல் பட 25 மி.மீ. வெளியே நிற்கும். தண்டில் முதலிலேயே மெழுகு தடவுங்கள்; பசை பிடிக்காது. மழைக்காலத்தில் கட்டை உப்பி முத்திரை சிக்கிக்கொள்ளாதிருக்க, காய்ந்தபின் துளைக்குள்ளும் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

எல்லாப் பொருளிலும் ஒரே இடத்தில் பதிய வேண்டுமே? பின்பலகைக்கு வெளியே இன்னொரு சட்டத்தை, அடியில் 15 மி.மீ. தொங்கும்படி ஒட்டுங்கள். அது பொருளின் விளிம்பில் முட்டி நிற்கும். முத்திரைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் பின்பலகையின் தடிப்புதான், 12 மி.மீ.க்குக் குறைந்தால் ஓரம் பிளக்கலாம்.

சதுரத் தண்டு நான்கு விதமாகவும் நுழையும். அதனால் தண்டிலும் கட்டையிலும் ஒரே பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இதை மறந்தால் பெயர் தலைகீழாகப் பதியும், திருத்தவும் முடியாது.

எப்படி அடிப்பது? பொருளை மேசைக்காலுக்கு நேர் மேலே வையுங்கள். நடுப்பலகை அதிர்ந்து அடியின் வேகத்தைக் குறைக்கும். ஜிக்கைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, கனமான சுத்தியலால் ஒரே அடி. போதவில்லை என்றால் எதையும் எடுக்காமல் இன்னொன்று அடிக்கலாம். அதே மரத்தின் துண்டில் முதலில் பழகிப் பாருங்கள். தாமான் வீட்டில் இரவில் சத்தம் கூடாது என்றால், சிறிய பொருளை ஜிக்கோடு சேர்த்து வைஸில் வைத்து இறுக்குங்கள், அமுக்கத்திலேயே பதியும்.

பதித்தபின் ஈரத்துணி மட்டும் படவே கூடாது. நசுங்கிய நார் தண்ணீரைக் குடித்து மேலே எழும்பி, எழுத்தை மூடிவிடும். தண்ணீர் கலந்த வார்னிஷும் அப்படித்தான். உப்புத்தாளால் மேலோட்டமாக ஒருமுறை தேய்த்து, முதல் பூச்சை எண்ணெயாகக் கொடுங்கள்.