ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய்

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. அடுத்த சில நாட்களில் மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய்.

இந்தத் தொகையைக் குறைத்துப் பேச மாட்டேன். பேரிடர் நிவாரண நிதியின் அன்றைய விதிப்படி, மூன்றில் ஒரு பங்குக்குமேல் அழிந்த பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான், அதுவும் 2 ஹெக்டேர் வரைதான். 175ஆல் வகுத்தால் மரத்துக்கு 103 ரூபாய்கூட முழுதாக வராது. மாநிலம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கொடுத்தது.

ஆனாலும் ஒரு ஏக்கர்காரர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 70 மரம், கைக்கு வருவது 77,000 ரூபாய். அதில் 35,000 மரத்தை அகற்றுவதற்கே. மிச்சம் 42,000. நெட்டைத் தென்னை ஆண்டுக்கு 80 காய் கொடுக்கிறது, காய் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மரத்துக்கு 800, ஏக்கருக்கு 56,000 ரூபாய். அதாவது மரத்துக்கென்று வந்த பணம் ஒன்பது மாதக் காய்க்குச் சமம். புதுக்கன்று காய்க்கவோ ஆறேழு வருடம் ஆகும்.

அகற்றும் 500 ரூபாயைத் தோப்பைச் சுத்தம் செய்யும் செலவு என்று நினைத்துவிடக் கூடாது. சாய்ந்த மரம் மழையில் ஊறி மட்கினால் அதற்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். பட்டையைப் பெயர்த்தால் வெள்ளை வெளேரென்று, விரல் பருமனில் சுருண்டு கிடக்கும் புழு. வளர்ந்து வண்டான பின் அது நேராகப் போவது பக்கத்தில் நிற்கும் மரத்தின் குருத்துக்கு. விரியும் மட்டை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாக அறுந்து வரும்.

நின்ற மரத்தை எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. காற்று கொண்டையைத் திருகிவிட்டுப் போன மரம் அன்றைக்கு நிமிர்ந்துதான் நிற்கும், குருத்து கருகுவது மெல்லத்தான் தெரியும். கணக்கெடுக்க வந்தவர்கள் போன பிறகு பட்ட மரத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது 15,000 கோடி ரூபாய். டிசம்பர் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் ஆனது 1,146.12 கோடி.

இந்த மரக்கணக்கில் வராத ஒருவர், காய் வெட்டுகிறவர். பட்டா இருப்பவருக்குத்தான் மரத்துக்குப் பணம். 45 நாளைக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு எட்டு வெட்டு, ஏக்கருக்கு 560 மரத்துக் கூலி. ஏழு வருடத்தில் 3,920. அந்தக் கூலிதான் அவர் வீட்டில் உலையேற்றியது. 2019இல் ஊன்றிய நெட்டைக் கன்று பாளை விட 2025, 2026 ஆகும். அதுவரை அந்தத் தோப்பில் அவருக்கு ஏற ஒரு மரம் கிடையாது.